தூங்குவது கம்ப்யூட்டரா, மானிட்டரா?

காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மவுஸை ஆட்டுகிறேன். மேசைக்கு அடியில் விசிறி சுழலத் தொடங்கும் சத்தம் கேட்கிறது. கேபினெட்டின் முன்பக்க விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக எரிகிறது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது, அதன் கீழ் ஓரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. கீபோர்டைத் தட்டினாலும் அசையவில்லை. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டேன். படம் வந்துவிட்டது. முந்தின இரவு சேமிக்காமல் விட்டிருந்த இரண்டு பக்கம் போனது போனதுதான்.

இது மூன்று வாரம் நடந்தது. தினமும் நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு நாள் ஒழுங்காக எழுந்து, மூன்றாம் நாள் காலை வாரிவிடும். அந்த மூன்று வாரத்தில் கிராபிக்ஸ் டிரைவரை (திரைக்குப் படம் அனுப்பும் கார்டை இயக்கும் நிரல்) இரண்டு முறை மாற்றினேன், கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் நிரலான பயாஸைப் புதுப்பித்தேன், விண்டோஸையே திரும்பப் போட்டுவிடலாம் என்று பென்டிரைவ்கூடத் தயார் செய்து வைத்தேன். அத்தனையும் வெட்டி வேலை. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை. மேசையில் இரண்டு பேர் தூங்கப் போனார்கள். அதில் இன்னும் எழாதவர் யார்?

பழைய மானிட்டர் காலத்தில் இப்படி ஒரு கேள்விக்கு இடமில்லை. 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் மூன்று நிறங்களுக்கு மூன்று கம்பி, கிடைவரி எப்போது தொடங்குகிறது என்று சொல்ல ஒரு கம்பி, முழுத்திரை எப்போது தொடங்குகிறது என்று சொல்ல இன்னொன்று. மானிட்டர் எதுவும் பேசாது. வந்ததைக் காட்டும், அவ்வளவுதான். 1992-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் முதலில் சேர்ந்த பொருள்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் தொட்டவர்களுக்கு பூட் ஆகும்போது திரையின் மூலையில் வரும் அந்த நட்சத்திரச் சின்னம் நினைவிருக்கும். பெரிய படக்குழாய் மானிட்டர் ஆள் இல்லாத அறையிலும் நூறு வாட் அளவுக்குத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

அதற்கு, திரைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் வீசா (VESA) என்ற அமைப்பு 1993-இல் சொன்ன தீர்வு அழகானது. புதுக் கம்பி எதுவும் வேண்டாம், இருக்கிற இரண்டு நேரக்குறிக் கம்பிகளே போதும் என்றார்கள். இரண்டிலும் துடிப்பு வந்தால் மானிட்டர் விழித்திரு. கிடைவரித் துடிப்பு மட்டும் நின்றால் லேசான தூக்கம். முழுத்திரைத் துடிப்பு மட்டும் நின்றால் இன்னும் கொஞ்சம் ஆழம். இரண்டும் நின்றால் அணைந்துவிடு. எழுப்புவதும் இதே வழிதான், துடிப்பு திரும்ப வந்தால் விழிப்பு. தட்டினால் திறக்கிற கதவு மாதிரி. மானிட்டர் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதனால் பதில் கிடைக்காமல் போவதற்கும் வழியில்லை.

இன்றைய மானிட்டர் அப்படி அல்ல. அதற்குள் தனிச் சிப், தனி நினைவகம், அதில் ஓடும் ஒரு சின்ன நிரல், தனக்கென்று ஒரு தூக்கம் எல்லாம் இருக்கின்றன. அதை எழுப்புவது ஒருவழிக் கட்டளை இல்லை, இருவர் பேசி முடிக்க வேண்டிய காரியம்.

எச்டிஎம்ஐ கேபிளில் 19 பின். அதில் 18-ஆவது பின்னில் கம்ப்யூட்டர் பக்கமிருந்து 5 வோல்ட் போகிறது, "நான் இருக்கிறேன்" என்று. மானிட்டர் 19-ஆவது பின்னை உயர்த்திக் காட்டுகிறது, "நானும் இருக்கிறேன்" என்று. இதற்கு ஹாட் பிளக் டிடெக்ட் என்று பெயர். இது கிடைத்த பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு மானிட்டரின் அடையாள அட்டையைப் படிக்கிறது. ஈடிஐடி எனப்படும் அந்த அட்டையின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். தயாரிப்பாளர் யார், எந்த ஆண்டு, எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். இதைப் படிக்க முடியாவிட்டால் கார்டுக்கு எதிரே இருப்பது என்ன என்றே தெரியாது. ஏதோ ஒரு பாதுகாப்பான அளவுக்கு இறங்கும், அல்லது யாரும் இல்லை என்று முடிவு செய்து பேசாமல் இருந்துவிடும்.

2006-இல் வந்த டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பில் பேச்சு இன்னும் நீளம். அதில் படம் போகும் நான்கு பாதைகள் தவிர, இரண்டு பக்கமும் செய்தி பரிமாறிக்கொள்ள ஆக்ஸ் என்ற தனிப் பாதை உண்டு. எழுந்திரு என்ற செய்தி அந்தப் பாதையில்தான் போகிறது. அது வந்ததும் தூங்குகிற மானிட்டர் 1 மில்லிசெகண்டுக்குள் எழுந்தாக வேண்டும் என்பது தரநிலை விதி. எல்லா மானிட்டரும் விதிப்படி நடப்பதில்லை. அதனால் முதல் தட்டலுக்குப் பதில் வராவிட்டால் இன்னொரு முறை தட்டிப் பார்க்கும்படி டிரைவர் எழுதுகிறவர்களே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்.

எழுந்த பிறகும் படம் உடனே வராது. இணைப்புப் பயிற்சி என்று ஒன்று நடக்க வேண்டும். கார்டு ஒரு தெரிந்த வடிவத்தை அதிக வேகத்தில் அனுப்பும். மானிட்டர் "சரியாகப் பிடித்தேன்" அல்லது "கலங்கலாக இருக்கிறது, கொஞ்சம் சத்தமாகச் சொல்" என்று ஆக்ஸ் வழியாகச் சொல்லும். கார்டு மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கும், ஆகவில்லை என்றால் வேகத்தைக் குறைக்கும். குறைத்த வேகம் நீங்கள் வைத்திருக்கும் ரெசல்யூஷனுக்குப் போதாவிட்டால் கறுப்புத் திரைதான்.

நாளெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற கேபிள் காலையில் மட்டும் ஏன் சதி செய்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பயிற்சி நடப்பது பெரும்பாலும் இணைக்கும்போதும் எழுப்பும்போதும்தான். விளிம்பில் நிற்கிற கேபிள் ஒரு தடவை தேறிவிட்டால் அன்றைக்கு முழுக்க ஓட்டிவிடும். ஒவ்வொரு தூக்கமும் அதற்கு ஒரு புதுப் பரீட்சை. இரண்டு நாள் பாஸ், ஒரு நாள் பெயில்.

சரி, யார் எழவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குச் செலவே இல்லை. கீபோர்டில் நம் லாக் (Num Lock) அல்லது கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? அந்த விளக்கை ஏற்றுவது கீபோர்டு இல்லை. நீங்கள் அழுத்தியது கம்ப்யூட்டருக்குப் போய், விண்டோஸோ லினக்ஸோ அதை வாங்கி, "விளக்கை ஏற்று" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் எரிகிறது. ஆகவே விளக்கு மாறினால் பிராசசர், நினைவகம், யுஎஸ்பி, இயங்குதளத்தின் மையப்பகுதி எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். விளக்கே இல்லாத ஒயர்லெஸ் கீபோர்டு என்றால் ஒலியைக் கூட்டும் பட்டனைத் தட்டி ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று கேட்கலாம். இதைச் செய்வதற்கு முன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டால் கையில் இருந்த ஒரே சாட்சியத்தையும் அழித்துவிடுகிறோம். நான் மூன்று வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து பவர்-டிரபிள்ஷூட்டர் என்ற பெயரில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது என்று நேரம் போட்டு எழுதியிருக்கும். அன்று காலை எழுந்ததாகப் பதிவு இருந்தால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. என்னுடையதில் ஒவ்வொரு காலையும் பதிவு இருந்தது. ஒவ்வொரு காலையும் விழித்துக்கொண்டிருந்த ஒருவனைத்தான் நான் கழுத்தை நெரித்திருக்கிறேன்.

விளக்கு மாறுகிறது, திரை கறுப்பு என்றால், இனி மூன்று காரியம் செய்து பார்க்கலாம். மூன்றையும் ஒரேயடியாகச் செய்யக் கூடாது. முதலில் முயன்றது பலித்துவிட்டால் அதோடு நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10, 11 என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யை (B) அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்தோடு கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. இதில் படம் வந்தால் சந்தேகம் டிரைவர் பக்கம் போகிறது. அப்போது டிரைவரைப் புதுப்பிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. பிரச்சினை ஒரு புதுப்பிப்புக்கு அப்புறம்தான் தொடங்கியது என்றால் பழைய டிரைவருக்குத் திரும்புவது இன்னும் நல்லது.

இதற்கு அசையவில்லை என்றால் கேபிளைக் கம்ப்யூட்டர் பக்கம் கழற்றி, பத்து எண்ணி, மாட்டுங்கள். இதில் வந்தால் இருவருக்கும் நடுவே உள்ள பேச்சுதான் அறுந்திருக்கிறது. கேபிள், இணைப்பான், நடுவில் மாட்டிய அடாப்டர் இவற்றைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண்ணை, 144-இலிருந்து 60-க்கு இறக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். 4கே என்றால் 60-இலிருந்து 30. குறைந்த வேகத்தில் ஒரு நாளும் தவறவில்லை என்றால் கேபிளுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. டிஸ்பிளேபோர்ட் 1.2-இல் ஒரு பாதைக்கு நொடிக்கு 5.4 கிகாபிட், நான்கு பாதைக்கு 21.6. மலிவான மூன்று மீட்டர் கேபிளுக்கு இது லேசான சுமை இல்லை. நீளத்தைக் குறைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மானிட்டரின் மின்வயரைச் சுவர் பிளக்கிலிருந்து பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு மாட்டுவது. மானிட்டரின் பட்டனை அழுத்துவது இதற்குச் சமமில்லை. பட்டன் திரையைத்தான் அணைக்கிறது, உள்ளே உள்ள நிரல் அரைத் தூக்கத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பட்டனுக்கு அசையாதது பிளக்கைப் பிடுங்கியதும் வந்தால், மானிட்டரின் நிரல்தான் ஏதோ ஒரு நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. என் வழக்கில் குற்றவாளி இங்கேதான் இருந்தான்.

மானிட்டரின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தேன். ஆழ்ந்த தூக்கம் என்ற அமைப்பு ஆனில் இருந்தது. உள்ளீட்டைத் தானாகத் தேடும் அமைப்பும் ஆனில் இருந்தது. இந்த இரண்டும் சேர்வதுதான் வினை. ஆழ்ந்த தூக்கத்தில் மானிட்டர் ஹாட் பிளக் கம்பியையே இறக்கிவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு மானிட்டர் கழற்றப்பட்ட மாதிரி தெரியும். காலையில் கார்டு தேடும்போது மானிட்டர் மெதுவாக எழுந்து, முதலில் எச்டிஎம்ஐ-யில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறது, அப்புறம் இரண்டாவது எச்டிஎம்ஐ, அப்புறம் டிஸ்பிளேபோர்ட். அது டிஸ்பிளேபோர்ட்டுக்கு வந்து சேரும்போது கார்டு ஆள் இல்லை என்று ஓய்ந்திருக்கும். கார்டு மறுபடி பார்க்கும்போது மானிட்டர் சிக்னல் இல்லை என்று தூங்கப் போயிருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் போன் போட்டால் இரண்டு பக்கமும் பிஸி என்று வருமே, அந்தக் கதைதான். ஆழ்ந்த தூக்கத்தை ஆஃப் செய்தேன், உள்ளீட்டை டிஸ்பிளேபோர்ட்டிலேயே நிற்கும்படி வைத்தேன். பென்டிரைவை அழித்துவிட்டு அதில் பாட்டு ஏற்றிக்கொண்டேன்.

இப்படி ஒரு தூக்கத்தை ஏன் வைக்கிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 1275/2008 என்ற விதி, காத்திருப்பு நிலையில் ஒரு கருவி எடுக்கும் மின்சாரத்தை முதலில் 1 வாட்டுக்கும் பிறகு 2013 முதல் அரை வாட்டுக்கும் கட்டுப்படுத்தியது. அரை வாட்டுக்குள் நிற்க வேண்டும் என்றால் காது கேட்கும் பகுதியையும் கொஞ்சம் அணைக்கத்தான் தோன்றும். விதி நல்ல விதிதான், உலகம் முழுக்க இரவில் சும்மா எரிகிற மின்சாரத்தை எண்ணிப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அரை வாட்டில் தூங்கவும் வேண்டும், கூப்பிட்டதும் எழவும் வேண்டும் என்றால் நிரலைக் கவனமாக எழுத வேண்டும். அந்தக் கவனம் எல்லா மாடலிலும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

திரையில் தெரிவதிலும் ஒரு துப்பு இருக்கிறது. கறுப்பாக இருந்தாலும் "சிக்னல் இல்லை" என்று ஒரு பெட்டி வந்து போனால் மானிட்டர் விழித்துத்தான் இருக்கிறது, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாதது கம்ப்யூட்டர். பெட்டியே வராமல் ஆரஞ்சு விளக்கு அப்படியே நின்றால் மானிட்டர் எழவே இல்லை. திரையைச் சாய்வாகப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறது என்றால் பின்விளக்கு போயிருக்கிறது. அது வேறு வைத்தியம்.

இனி மறுபக்கம். நம் லாக் விளக்கு அசையவே இல்லை என்றால் மானிட்டரை விட்டுவிடுங்கள், எழாதது கம்ப்யூட்டர். இதில் பெரும்பாலோர் தடுமாறும் இடம், தூக்கத்தில் வகை உண்டு என்பது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ தரநிலையில் எஸ்3 என்றால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் ஓய்வு. எஸ்4 என்றால் நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கிட்டத்தட்ட முழுதாக அணைந்துவிடுவது, அதாவது ஹைபர்னேட். எஸ்3-இலிருந்து மவுஸை ஆட்டி எழுப்பலாம். எஸ்4-இல் பல கம்ப்யூட்டர்களுக்கு மவுஸ் ஆட்டுவது காதிலேயே விழாது. பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அழுத்திப் பிடிப்பதில்லை, தட்டுவது. தூங்கி இத்தனை மணி நேரம் ஆனால் ஹைபர்னேட்டுக்குப் போ என்று பவர் அமைப்பில் இருந்தால், மாலையில் மவுஸுக்கு எழுவது காலையில் எழாது. பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

பயாஸில் ஈஆர்பி (ErP) என்ற மின்சிக்கன அமைப்பும் இதே குழப்பத்தைத் தரும். அதை ஆன் செய்தால் அணைந்த நிலையில் யுஎஸ்பி-க்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும், கீபோர்டால் எழுப்ப முடியாது. டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் எழுப்பும் அனுமதி இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய பவர் சப்ளை என்றால் இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டர் தூங்கும்போது அதைத் தாங்குவது காத்திருப்புக்கான 5 வோல்ட் தடம் ஒன்றுதான். அதன் கெப்பாசிட்டர்கள் தளர்ந்துவிட்டால் விழித்திருக்கும்போது எல்லாம் சரியாக ஓடும், தூக்கத்தில் மட்டும் உயிர் போகும். திரும்பப் போடும்போது முதலிலிருந்து பூட் ஆகும். வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பது தவிர வீட்டில் சோதிக்க எளிய வழி இல்லை.

கேபிளில் இன்னொரு விசித்திரம், டிஸ்பிளேபோர்ட்டின் 20-ஆவது பின். இரண்டு முனைகளிலும் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் உண்டு, அடாப்டர்களுக்குக் கொடுப்பதற்காக. சாதாரணக் கேபிளில் இந்தக் கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவே கூடாது என்பது விதி. சில மலிவுக் கேபிள்களில் போகிறது. அப்போது மானிட்டரின் மின்சாரம் கிராபிக்ஸ் கார்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. தூங்கியதாகவும் இல்லாமல் விழித்ததாகவும் இல்லாமல் கார்டு திண்டாடுகிறது. கம்ப்யூட்டரின் மின்வயரையே கழற்றிய பிறகும், மானிட்டர் கேபிள் மாட்டியிருக்கும்வரை உள்ளே ஏதோ ஒரு விளக்கு மங்கலாக எரிந்தால் அந்தக் கேபிளை வெட்டிக் குப்பையில் போடுங்கள். இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கறுப்புத் திரை வராமல், திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் ஒரே திரையில் குவிந்து கிடக்கும். அதற்கும் வேர் இதுவேதான், ஒன்று ஹாட் பிளக்கை இறக்கிவிட்டுத் தூங்குகிறது. விண்டோஸ் 11-இல் டிஸ்பிளே அமைப்புக்குள் ஜன்னல்களின் இடத்தை மானிட்டர் வாரியாக நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது.

போன மாதம் சித்தப்பா கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் போச்சுடா. காத்தாடி ஓடுது, படம் வரல. ஆளக் கூப்பிடவா?"

"கீபோர்டுல கேப்ஸ் லாக் அமுக்குங்க சித்தப்பா. லைட் எரியுதா?"

"எரியுது."

"திரும்ப அமுக்குங்க."

"அணைஞ்சிடுச்சு."

"அப்ப கம்ப்யூட்டர் முழிச்சிட்டுதான் இருக்கு. மானிட்டரோட வயர ஸ்பைக் பஸ்டர்லேருந்து புடுங்குங்க. பட்டன் இல்ல, வயர்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மேசையை நகர்த்துவது கேட்டது. "எதுடா மானிட்டர் வயரு? இங்க ஏழு வயரு கிடக்குது. எல்லாம் கறுப்பு."

நான் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்தது. வாட்ஸ்அப் கால், அவர் முதலில் பிடுங்கியது வைஃபை ரவுட்டர். பத்து நிமிடம் கழித்துச் சாதாரணக் காலில் வந்தார்.

"படம் வந்துடுச்சுடா. நெட்டுதான் இல்ல."